கல்லைத் தூக்கியவன் ஒருவன், வேலி போட்டவன் வேறொருவன்!

ஆண்டுதோறும் ஜூன் 21ந் தேதி வாக்கில், இங்கிலாந்தின் தென்பகுதியில் வில்ட்ஷயர் ஜில்லாவிலுள்ள சாலிஸ்பரி சமவெளியில், ஒரு பழைய கல்வட்டத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஜனங்கள் இராமுழுதும் கண்விழித்திருக்கிறார்கள். அந்தக் கல்வட்டத்தின் பெயர் ஸ்டோன்ஹெஞ்ச். சூரியன் வடக்கே போகிற மட்டும் போய்த் தெற்கே திரும்பும் நாள் அது. ஆண்டிலேயே நீண்ட பகல் கொண்ட நாள். வட்டத்தின் நடுவே நின்று பார்த்தால், வடகிழக்கில் ஒற்றையாக நிற்கும் ஹீல் கல்லின் பக்கமாகச் செங்கதிர் தலைகாட்டும். அந்த நொடியில் மத்தளம் முழங்குகிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன்மார் ஆரவாரம் செய்கிறார்கள்.

மறுநாள் முதலாளித்துவ ஏடுகளில் ஒரு படம் வரும். வெள்ளை அங்கி தரித்த தாடிக்காரக் கிழவர் ஒருவர் கையை உயர்த்தி நிற்பார். "புராதன வழக்கம்" என்று கீழே ஒரு வரி இருக்கும். அத்தோடு சமாசாரம் முடிந்தது! அந்த இடத்தில் நிற்பதற்குச் சாதாரண ஜனங்கள் நூறு வருஷ காலமாகப் போராட வேண்டியிருந்தது என்பதை அந்த ஏடுகள் சொல்லமாட்டா. 1985ம் ஆண்டில் அந்தக் கல்லைப் பார்க்கப் புறப்பட்ட குற்றத்துக்காகக் குழந்தை வைத்திருந்த பெண்களின் கண்ணெதிரே வண்டிக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டதையும், மண்டைகள் உடைக்கப்பட்டதையும் சொல்லமாட்டா. ஆகவே நாம் சொல்கிறோம்.

"இங்கிலாந்திலே கல் நின்றால் நமக்கென்ன? பொழுது விடிந்தால் மில் சங்கு. இல்லாவிட்டால் பண்ணையார் வயல். இதில் அந்தக் கதை எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உழைத்தவன் பெயர் எப்படி மறைக்கப்படுகிறது, பொதுச் சொத்து எப்படித் தனிச் சொத்தாகிறது, கூடி நிற்கும் உரிமை எப்படிப் பறிக்கப்படுகிறது என்ற மூன்று பாடங்களையும் ஒரே இடத்தில் படிக்க வேண்டுமானால் இந்தக் கல்வட்டத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

கட்டியவன் யார்?

முதலில் வேலையைப் பார்ப்போம். நம்முடைய வாசகர்கள் வேலையின் கனம் தெரிந்தவர்கள்.

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் வட்டமாக ஒரு அகழி தோண்டப்பட்டது. கடப்பாரை கிடையாது, மண்வெட்டி கிடையாது. இரும்பையே கண்டறியாத காலம். மான் கொம்பைக் குந்தாலியாக வைத்துச் சுண்ணாம்புப் பாறை மண்ணைக் கொத்தினார்கள். அந்தக் கொம்புகள் இன்றும் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன. அதன் பின் ஐந்நூறு வருஷம் சென்று, இன்றைக்குச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், பெரிய கற்கள் நிறுத்தப்பட்டன. சார்சென் என்ற கடினமான மணற்கல் அது. ஒவ்வொன்றும் சராசரி 20 டன்னுக்கு மேல். மிகப் பெரியவை 30 டன்னைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வெஸ்ட் உட்ஸ் என்ற காட்டுப் பகுதியிலிருந்து வந்தவை என்று 2020ல் விஞ்ஞானிகள் கல்லைச் சோதித்துச் சொன்னார்கள்.

25 கிலோமீட்டர் என்பது கிட்ட. உள்வட்டத்துச் சிறு கற்கள், இரண்டு முதல் ஐந்து டன் எடையுள்ளவை, மேற்கே வேல்ஸ் நாட்டுப் பிரெசெலி மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவரப்பட்டவை. நடுவில் படுத்துக் கிடக்கும் "பலிபீடக் கல்" என்று பெயர் வைக்கப்பட்ட 6 டன் கல்லோ, ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதிப் பாறை என்று 2024ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தூரம் சுமார் 700 கிலோமீட்டர்!

தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், சக்கரம் இருந்தும் தேர் அசைய எத்தனை தோள் வேண்டும் என்று. இங்கே சக்கரமும் இல்லை, இழுக்கக் குதிரையும் இல்லை. கயிறு, மரச்சட்டம், மனிதத் தோள். இவ்வளவுதான் கருவி. பின்னாளில் இதே பாரமுள்ள கல்லை இழுத்துப் பார்த்த சோதனைகளில் நூறு பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள்.

கொண்டு வந்ததோடு வேலை முடிந்ததா? நிமிர்த்த வேண்டும். நிமிர்த்திய கல்லின் தலையில் குறுக்குக் கல்லை ஏற்ற வேண்டும். ஏற்றியது சரியாமலிருக்க, நிற்கும் கல்லின் உச்சியில் முளை விட்டு, மேல் கல்லின் அடியில் குழி குடைந்து, ஒன்றில் ஒன்று பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். நம்முடைய தச்சன் நிலைச் சட்டத்துக்குச் செய்கிற அதே வேலை! மரத்தில் செய்து பழகிய கை, அதைக் கல்லில் செய்து காட்டியிருக்கிறது. உருண்டைக் கற்களால் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் தட்டித் தட்டிக் கல்லைக் கல்லால் இழைத்திருக்கிறார்கள். மேல் கற்களின் வெளிமுகத்தை வட்டத்துக்கு இசைய லேசாக வளைத்தும் இருக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, சூரியனுடைய போக்கோடு இம்மி பிசகாமல் அச்சைப் பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த வேலையாட்கள் எங்கே தங்கினார்கள்? சுமார் மூன்று கிலோமீட்டரில் டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் அவர்களுடைய வீடுகளின் தரைகளை ஆராய்ச்சியாளர்கள் தோண்டி எடுத்தார்கள். பன்றி எலும்பு குவியல் குவியலாகக் கிடைத்தது. பல்லைப் பார்த்து வயதைக் கணக்கிட்டபோது, வசந்த காலத்தில் பிறந்த பன்றிகள் ஒன்பது மாதத்தில், அதாவது நடுக் குளிர்காலத்தில், அறுக்கப்பட்டன என்று தெரிந்தது. ஆகவே பெரிய விருந்து நடந்தது கோடையிலல்ல, குளிர்காலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கல்வட்டத்தின் அச்சு ஒரு முனையில் கோடை உதயத்தைக் காட்டுகிறது என்றால், நேர் எதிர்முனையில் குளிர்கால அஸ்தமனத்தைக் காட்டுகிறது. குளிர்காலத்தில் பகல் குறுகிக் குறுகிக் கடைசியில் ஒரு நாள் நின்று திரும்பும். இருட்டு இனி வளராது, விதைப்புக் காலம் வரும் என்று விவசாயிக்கு நம்பிக்கை தரும் நாள் அது. மண்ணை நம்பிப் பிழைத்தவனுக்கு வானத்தின் கணக்கு தேவைப்பட்டது. அவன் அந்தக் கணக்கைக் கல்லில் எழுதி வைத்தான்.

அவனுடைய பெயர்? ஒன்று கூட இல்லை.

மந்திரவாதி வந்தான், பூசாரி வந்தான்; பாட்டாளி வரவில்லை!

பெயர் இல்லாமற்போனது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் வேறு பெயர்களை எழுதுவதற்குப் பண்டிதர்கள் எப்போதும் தயாராயிருந்தார்கள்.

12ம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்ற பாதிரியார் ஒரு சரித்திரம் எழுதினார். மெர்லின் என்ற மந்திரவாதி, அயர்லாந்திலே இராட்சதர்கள் நட்டிருந்த கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தான் என்றார். 17ம் நூற்றாண்டில் ராஜாவின் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ், இவ்வளவு நேர்த்தியை உள்ளூர்க் காட்டான்கள் செய்திருக்க முடியாது, ஆகவே ரோமானியர்கள்தான் கட்டினார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். 1740ல் வில்லியம் ஸ்டூக்லி என்ற பாதிரியார், ட்ரூயிடுகள் என்ற பழைய பூசாரி வர்க்கத்தின் கோயில் இது என்று புத்தகம் போட்டார். ட்ரூயிடுகளைப் பற்றி எழுத்தில் செய்தி கிடைப்பதோ கற்கள் நிமிர்ந்து இரண்டாயிரம் வருஷத்துக்கும் பிற்பாடுதான்! பேரன் பிறந்த பிறகு கொள்ளுப்பாட்டன் கலியாணத்துக்குப் புரோகிதம் செய்தான் என்பது போன்ற கதை இது.

கவனியுங்கள் தோழர்களே! மந்திரவாதி கட்டலாம், அந்நியப் படையெடுப்பாளன் கட்டலாம், பூசாரி கட்டலாம். பன்றி வளர்த்து, கோதுமை விதைத்து, மான் கொம்பால் மண்வெட்டிய கிராமத்து மனிதன் மட்டும் கட்டியிருக்க முடியாது! எண்ணூறு வருஷம் பண்டிதர்கள் பாடிய பல்லவி இது. 1901ல் வில்லியம் கௌலண்ட் என்பவர் ஒரு கல்லை நிமிர்த்துவதற்காக அதன் அடியைத் தோண்டினார். தேய்ந்துபோன கல் சுத்தியல்களும் கல் கருவிகளும் வெளியே வந்தன. வேலைக்காரன் போட்டுவிட்டுப் போன கருவிதான் கடைசியில் சாட்சி சொன்னது.

இன்னொரு பித்தலாட்டமும் இப்போது நடக்கிறது. வெள்ளை இனவெறிக் கூட்டங்கள் இந்தக் கல்லைக் காட்டி "எங்கள் முன்னோர், எங்கள் இரத்தம்" என்று மார்தட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியை விரட்டு என்று கூப்பாடு போடுகின்றன. விஞ்ஞானம் என்ன சொல்கிறது? அக்காலத்து எலும்புகளின் மரபணுவைச் சோதித்து 2019ல் வெளியான ஆராய்ச்சி, அந்தத் தீவின் முதல் விவசாயிகள் இன்றைய துருக்கி, ஏஜியன் கடற்கரைப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளாக நகர்ந்து வந்த குடிகளின் வம்சத்தவர் என்று சொல்கிறது. கல் வேல்ஸிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தது. அதைத் தூக்கியவனுடைய பாட்டன் கடல் கடந்து வந்தான். இனவெறியர்கள் சாய்ந்து நிற்பதற்கு அங்கே ஒரு தூண்கூட இல்லை.

ஏலத்திலே போன சரித்திரம்

அடுத்த பாடம் சொத்துடைமை.

இங்கிலாந்திலே ஊர்ப் பொது நிலம் என்று ஒன்று இருந்தது. ஏழையின் பசு அங்கே மேய்ந்தது. அடுப்புக்கு விறகு அங்கே கிடைத்தது. 1604 முதல் 1914 வரை பார்லிமெண்டு 5,200க்கு மேற்பட்ட தனித்தனிச் சட்டங்கள் போட்டு, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு வேலி கட்ட அனுமதி கொடுத்தது. நிலத்தை இழந்தவன் ஆலைக் கூலியானான். மார்க்ஸ் தம்முடைய "மூலதனம்" நூலில் இந்தக் கொள்ளையை விவரமாக எழுதியிருக்கிறார். ஸ்டோன்ஹெஞ்ச் கதை அந்தப் பெரிய கதையின் ஒரு கிளை.

19ம் நூற்றாண்டிலிருந்து அந்த இடம் ஆன்ட்ரோபஸ் என்ற பிரபு குடும்பத்தின் ஆஸ்தி. ஆனாலும் வேலி கிடையாது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கோடை நாளின் உதயத்தைப் பார்க்க அங்கே கூடுவது வழக்கமாயிருந்தது. 1900ம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி காற்றில் ஒரு கல் விழுந்தது. போதுமே சாக்கு! 1901ல் பிரபு சர் எட்மண்டு ஆன்ட்ரோபஸ் முள்கம்பி வேலி போட்டார். வாசலில் ஆளை நிறுத்தினார். தலைக்கு ஒரு ஷில்லிங் என்றார். அக்காலத்து விவசாயக் கூலிக்கு ஒரு ஷில்லிங் என்பது அரை நாள் உழைப்புக்குக் குறைந்ததல்ல. கல்லைக் காப்பாற்றத்தான் வேலி என்று பிரபு சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஏனென்றால் இதே பிரபு, 1899ல் அந்தக் கல்லையும் 1,300 ஏக்கரையும் சர்க்காருக்கு விற்க 1,25,000 பவுன் விலை கேட்டவர்!

பொது நிலப் பாதுகாப்புச் சங்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். காலங்காலமாக ஜனங்கள் நடந்த பாதை இது என்று வாதாடினார்கள். 1905ல் நீதிபதி ஃபார்வெல் தீர்ப்புச் சொன்னார்: ஜனங்கள் நடந்ததெல்லாம் பிரபுவின் தயவால், உரிமையால் அல்ல. தீர்ந்தது வழக்கு. ஆயிரம் வருஷம் நடந்தாலும் அது தயவு. ஒரு நாள் வேலி போட்டால் அது உரிமை! சொத்துடைமை வர்க்கத்தின் சட்டம் இப்படித்தான் பேசும்.

வாரிசு முதல் உலக யுத்தத்தில் மாண்டான், பிரபுவும் இறந்தார். 1915ம் ஆண்டு செப்டம்பர் 21ந் தேதி சாலிஸ்பரி நகரத்தில் ஏலம் நடந்தது. பதினைந்தாம் நம்பர் அயிட்டமாக ஸ்டோன்ஹெஞ்சும் அதைச் சுற்றிய முப்பது ஏக்கர் நிலமும் கூவப்பட்டன. செசில் சப் என்ற வக்கீல் 6,600 பவுனுக்கு எடுத்தார். ஐயாயிரம் வருஷத்து மனித உழைப்பு, மாட்டுச் சந்தையில் கன்று போவது போல் கைமாறிற்று. 1918ல் அவர் அதைத் தேசத்துக்குத் தானம் செய்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. அடுத்த வருஷமே அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. தானப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது. இன்று அங்கே பகலில் போய்ப் பார்க்க ஒரு ஆளுக்கு இருபது பவுனுக்கு மேல் சீட்டு. அன்றைய ஷில்லிங்கை இன்றைய பண மதிப்புக்கு மாற்றினாலும் சில பவுன்தான் வரும். கொடுத்தாலும் வட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. கயிற்றுக்கு வெளியே சுற்றி வந்துவிட வேண்டும்.

அவரைக் கொல்லையில் நடந்த அடக்குமுறை

1974 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்தக் கல்லின் பக்கத்தில் இலவசத் திருவிழா ஒன்று நடந்தது. சீட்டு இல்லை, முதலாளி இல்லை. பாட்டு, கூத்து, கூடிச் சமையல். வேலையில்லாத வாலிபர்கள், பழைய பஸ்ஸையும் லாரியையும் வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாடோடிக் குடும்பங்கள், யுத்த எதிர்ப்பாளர்கள் எல்லோரும் வந்தார்கள். 1984ல் பல்லாயிரம் பேர் கூடினார்கள்.

1984 எப்படிப்பட்ட ஆண்டு? தாட்சர் அம்மையாரின் சர்க்கார் நிலக்கரிச் சுரங்கங்களை மூடப் புறப்பட்ட ஆண்டு. சுரங்கத் தொழிலாளிகள் ஒரு வருஷ காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 18ந் தேதி ஆர்கிரீவ் என்ற இடத்தில் மறியல் தொழிலாளிகள் மீது குதிரைப் போலீஸ் பாய்ந்தது. 1985 மார்ச் 3ந் தேதி பட்டினியால் போராட்டம் முறியடிக்கப்பட்டது. தொழிலாளியை அடித்து ருசி கண்ட தடி சும்மா இருக்குமா? மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டுத் திருவிழாவுக்குத் தடையுத்தரவு வாங்கப்பட்டது. கல்லைச் சுற்றிப் பல மைலுக்குத் தடை வளையம் போடப்பட்டது.

ஜூன் 1ந் தேதி, சுமார் 600 ஆண், பெண், குழந்தைகள் 140 வண்டிகளில் சவர்நேக் காட்டிலிருந்து புறப்பட்டார்கள். எதிரே 1,300 போலீசார். கல்லுக்கு ஏழு மைல் இருக்கும்போதே லாரி லாரியாகச் சரளைக் கல்லைக் கொட்டி ரஸ்தாவை மறித்தார்கள். முன் வண்டிகளின் கண்ணாடி நொறுங்கியது. மற்ற வண்டிகள் பயந்துபோய்ப் பக்கத்து வயலுக்குள் திரும்பின. பேச்சுவார்த்தைக்கு அவர்கள் கெஞ்சினார்கள். மாலையில் போலீஸ் பாய்ந்தது. தப்பி ஓட முயன்ற வண்டிகள் அடுத்திருந்த அவரைக் கொல்லைக்குள் புகுந்தன. அங்கே வைத்து ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வளைத்து, ஜன்னலை உடைத்து, உள்ளே இருந்தவர்களைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். வீடாக இருந்த வண்டிகள் சுக்குநூறாயின. 537 பேர் கைது செய்யப்பட்டார்கள். "அவரைக் கொல்லைப் போர்" என்று ஏடுகள் பெயர் வைத்தன. ஒரு பக்கத்தில் தடியும் கேடயமும், மறு பக்கத்தில் பால்குடிப் பிள்ளைகள். இதற்குப் பெயர் போராம்!

நாம் மிகைப்படுத்துகிறோம் என்று சொல்வார்கள். நம்முடைய சாட்சி வேண்டாம். சவர்நேக் காட்டின் சொந்தக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த கார்டிகன் பிரபு அங்கே நேரில் இருந்தார். அவர் நம் வர்க்கத்தவரல்லர். தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். நிறைமாத கர்ப்பிணி தடியால் அடிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டதாக அவர் சொன்னார். கோர்ட்டிலே போலீசுக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். உடனே அவருடைய வர்க்கத்து ஏடுகள் அவர் மீது பாய்ந்தன. தொலைக்காட்சி நிருபர் கிம் சபிடோ, தம்முடைய பத்திரிகைத் தொழிலில் கண்ட மிகக் கொடிய போலீஸ் நடவடிக்கைகளில் இது ஒன்று என்று அந்த வயலில் நின்றபடியே சொன்னார்.

நீதி கிடைத்ததா? ஒரே ஒரு சார்ஜண்டு தண்டிக்கப்பட்டார். 1991ல் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு 24,000 பவுன் நஷ்டஈடு என்று தீர்ப்பாயிற்று. ஆனால் வழக்குச் செலவைப் போலீஸ் கொடுக்க வேண்டியதில்லை என்று நீதிபதி உத்தரவிட்டார். நஷ்டஈடு முழுவதையும் வழக்குச் செலவு விழுங்கிற்று. அதே 1991ல் ஆர்கிரீவ் தொழிலாளிகள் 39 பேருக்குப் போலீஸ் இலாகா 4,25,000 பவுன் கொடுத்து வழக்கை முடித்தது. தப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்கிரீவ் பற்றிப் பகிரங்க விசாரணை என்று சர்க்கார் அறிவித்ததே 2025ல்தான். நாற்பத்தோரு வருஷம் கழித்து!

கூத்தாடிக்குச் சட்டம், தொழிலாளிக்கு விலங்கு

இதுதான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். சுரங்க மறியலையும் கல்வட்டத் திருவிழாவையும் காட்டி, 1986ல் பொது ஒழுங்குச் சட்டம் கொண்டு வந்தார்கள். இருபது பேர் கூடினால் இடம், நேரம், எண்ணிக்கை என்று நிபந்தனை போடப் போலீசுக்கு அதிகாரம். 1994ல் இன்னொரு சட்டம்: தனியார் நிலத்திலோ, போய்வர வரம்புள்ள இடத்திலோ இருபது பேரோ அதற்கு மேலோ கூடுவதை ஐந்து மைல் சுற்றளவில் நான்கு நாள் வரை தடை செய்யலாம். 2003ல் முதற் சட்டத்திலிருந்த இருபது என்ற எண்ணை இரண்டு ஆக்கினார்கள். இரண்டு பேர் நின்றால் கூட்டம்! 2022ல் வண்டியில் குடியிருக்கும் நாடோடிகளையும், சத்தம் போட்டு ஊர்வலம் போகிறவர்களையும் குறிவைத்து மீண்டும் ஒரு சட்டம். "அழுக்குப் பிடித்த நாடோடிப் பயல்களுக்காகத்தான்" என்று சொல்லிப் பின்னிய வலை, மறியலுக்கு நிற்கும் தொழிலாளியின் காலில் வந்து சிக்கிற்று.

ஆனால் ஜனங்கள் அடங்கிவிடவில்லை. அவரைக் கொல்லை நிகழ்ச்சியின் பத்தாவது ஆண்டு நாளான 1995 ஜூன் 1ந் தேதி, கல்வட்டத்தை ஒட்டிய ரஸ்தா ஓரத்தில் 21 பேர் அமைதியாக நின்றார்கள். யாரையும் மறிக்கவில்லை. கலைந்து போக மறுத்த இருவர் மீது வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தண்டனை, அடுத்த கோர்ட்டில் விடுதலை, அதற்கடுத்த கோர்ட்டில் மீண்டும் குற்றவாளி. விடவில்லை அவர்கள். 1999 மார்ச் மாதத்தில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள்: ரஸ்தா என்பது போய்வர மட்டுமல்ல, இடைஞ்சல் செய்யாமல் அமைதியாகக் கூடி நிற்பதும் பொதுமக்களின் உரிமையே! 1905ல் மறுக்கப்பட்டதில் ஒரு துண்டு, தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. அடுத்த வருஷம், 2000ல், கோடை உதயத்துக்குக் கல்வட்டத்தின் நடுவரைக்கும் இலவசமாகப் போக வழி திறந்துவிட்டார்கள். யாரும் தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அடிபட்டவர்கள் வாங்கிய உரிமை அது.

இரண்டு ஆட்சேபங்கள்

"ஜனங்களை உள்ளே விட்டால் கல் பாழாகும்" என்பது கனவான்களின் ஆட்சேபம். திருவிழா நடந்த காலத்தில் குப்பை விழுந்தது உண்மை. பக்கத்திலிருந்த பழைய மண்மேடுகளுக்குச் சேதம் நேர்ந்ததும் உண்மை. அதைப் பாராட்ட நாம் தயாரில்லை. ஆனால் குப்பைக்கு வேண்டியது துடைப்பமா, தடியா? முதல் யுத்த காலத்தில் அந்தக் கல்லின் பக்கத்திலேயே விமானத் தளம் போட்டது யார்? ஹீல் கல்லை உரசுவது போல் ஓடிய மோட்டார் ரஸ்தாவை 2013 வரை மூடாமல் வைத்திருந்தது யார்? 2000த்திலிருந்து ஆண்டுக்கு ஆண்டு பத்தாயிரம் பேர், சில வருஷம் முப்பதாயிரத்துக்கும் மேல், வந்து போகிறார்கள். கல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. தொற்றுநோய்க் காலத்தில் மட்டும் மூடியிருந்தது. ஆனால் ஒன்று வந்திருக்கிறது: 2016 முதல் வண்டி நிறுத்தக் கட்டணம்! முன்வாசலில் இலவசம் என்று எழுதி வைத்துவிட்டுப் பின்வாசலில் உண்டியல் நீட்டுகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் நம்மவர்களிடமிருந்தே வருவது. "சூரியனைக் கும்பிடுகிறவனும் அங்கி மாட்டிய போலிப் பூசாரியும் கூடுகிற இடம் அது. பகுத்தறிவுள்ள பாட்டாளி அதற்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?"

நாம் ட்ரூயிடு கதையை நம்பவில்லை. மேலே அதன் குட்டையும் உடைத்திருக்கிறோம். கோடை நாளைக் கொண்டாடுகிறவர்கள், கட்டியவனுடைய பெரிய பண்டிகையிலிருந்து ஆறு மாதம் தள்ளி நிற்கிறார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் எந்த நம்பிக்கைக்காரன் எங்கே கூடலாம் என்று தீர்மானிக்கும் வேலையைப் போலீஸ் சூப்பிரண்டெண்டு கையில் கொடுத்துவிட்டு நாம் சிரித்துக்கொண்டு நிற்க முடியுமா? இன்று அவன் மத்தளத்தைப் பறிக்கிற கை நாளை நம் செங்கொடியைப் பறிக்கும். மூட நம்பிக்கையை விஞ்ஞானத்தால் எதிர்ப்போம்; தடியால் எதிர்ப்பது நம் வேலையல்ல. மேலும், சூரியன் திரும்பும் நாளைக் குறித்தது பூசாரியின் மந்திரமல்ல, பயிரிட்டவனுடைய அறிவு. அந்த அறிவைப் பூசாரியிடமிருந்து மீட்டு உழைப்பவனிடம் சேர்ப்பதுதான் பகுத்தறிவு.

நம் முடிவு

புராதனச் சின்னம் எதுவானாலும் அதற்கு மூன்று சொந்தக்காரர்கள் முளைக்கிறார்கள். எங்கள் தெய்வம் கட்டியது என்று பூசாரி வருகிறான். என் பத்திரத்தில் இருக்கிறது என்று பிரபு வருகிறான். நான் பாதுகாக்கிறேன், காசைக் கொடு என்று சர்க்கார் வருகிறது. நான்காவது ஒருவன் இருக்கிறான். அவனுடைய தோள்பட்டையில் கயிற்றுத் தழும்பு இருந்தது. அவன் கையில் மான் கொம்பு இருந்தது. அவனுடைய வாரிசுகள்தான் சுரங்கத்தில் கரி வெட்டினார்கள், ஆலையில் நூல் நூற்றார்கள், வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ஸ்டோன்ஹெஞ்சில் உழைப்பாளி மக்கள் கேட்பது அதிகமில்லை. கட்டியவனுடைய வேலையைச் சொல்லும் சரித்திரம் வேண்டும். வந்து பார்க்கச் சாமானியனுக்கு எட்டுகிற கட்டணம் வேண்டும். கோடையோ குளிரோ, கூடி நிற்கப் பயமில்லாத உரிமை வேண்டும். அவரைக் கொல்லையில் தடி பிடித்தவர்களைப் பற்றியும், ஆர்கிரீவைப் போலவே, பகிரங்க விசாரணை வேண்டும். இந்தக் கோரிக்கைகளை நாம் ஆதரிக்கிறோம்.

700 கிலோமீட்டரிலிருந்து 6 டன் கல்லை ஒரு மனிதன் கொண்டுவரவில்லை. ஒரு ஊரும் கொண்டுவரவில்லை. ஊர் ஊராகக் கை மாறி, தோள் மாறி, கூடி இழுத்ததால் வந்தது. கூடினால் கல்லும் நகரும் என்று அந்த ஜனங்கள் காட்டிவிட்டுப் போனார்கள். கூடுவதைத் தடுக்கவே சட்டத்தின் மேல் சட்டமாகப் போடுகிறான் ஆளும் வர்க்கத்தான். ஏன் போடுகிறான் என்பது மில் வாசலில் நிற்பவனுக்கும் களத்து மேட்டில் நிற்பவனுக்கும் தெரியும். கூடுவோம்!